தொரசாணி கொடுத்த நரைக் கள்ளி

கள்ளிச் செடியை அழகு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரம் மேல்வீட்டுப் பெண் ஒரு குட்டித் தொட்டியை என் கையில் திணிக்கப் பார்த்தாள். "ஆன்ட்டி, தண்ணியே ஊத்த வேணாம், கவனிக்கவே வேணாம், அது பாட்டுக்கு இருக்கும்" என்றாள். எனக்கு வேண்டாம்மா என்றேன். கொஞ்சம் சுள்ளென்றே சொல்லிவிட்டேன் போல. முகம் சுருங்கிப் படியேறிப் போனாள். பாவம், அவளை நொந்து என்ன? எங்கள் வீட்டிலும் ஒரு கள்ளி இருந்தது, அதைக் கவனித்துக் கவனித்தே நாங்கள் நாசமாய்ப் போனோம் என்று படிக்கட்டில் நின்றுகொண்டு யாரிடம் சொல்வது?

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஓடின ஜனம் பாதி திரும்பி வந்து, பாதி வராமல் இருந்த சமயம் அது. மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே வாசற்படிக்குள் ஆறேழு குடித்தனம், நடுவில் ஒரு குழாய், பின்னால் கொஞ்சம் கொல்லை. நாங்கள் நாலு பேர். அம்மா, அக்கா, நான், அப்புறம் நைனா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அடையாற்றில் ஆற்றங்கரையோரம் ஒரு பங்களாவில் தொரைக்கு மோட்டார் ஓட்டினார். வண்டியை அவர் துடைக்கிற துடைப்பில் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அந்தப் பெருமையைத் தவிர அவருக்கு வேறு சொத்து கிடையாது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது, எனக்குப் பதினைந்து. அவளுக்கு வாய் என்றால் வாய், சந்தைக்கடைக்காரியே சலாம் போடுவாள். தெருவில் போகிற ஒருத்தரைக்கூட நக்கல் பண்ணாமல் விடமாட்டாள். பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது இருமினாள். முந்தானையில் ரத்தம். அம்மா அந்தப் புடவையை அவிழ்க்கச் சொல்லிப் பிடுங்கி, யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் சுருட்டி அடுப்பில் வைத்துக் கொளுத்திவிட்டாள். மகளைப் பிடித்து உட்கார வைத்தது அதற்கு அப்புறம்தான்.

எளைப்பு நோய். இன்றைக்கு டி.பி. என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், ஜனம் எழுந்து வேலைக்குப் போகிறது. அப்போது அந்தப் பேரைச் சொன்னாலே பக்கத்தில் இருக்கிறவன் எழுந்து தள்ளிப் போய் உட்காருவான். வீட்டுக்காரன் பாத்திரம் பண்டத்தை வீதியில் வைப்பான். பெண் கேட்டு ஒருத்தன் வாசல் மிதிக்கமாட்டான், அக்காவுக்கும் சரி, எனக்கும் சரி. அதனால் அம்மா ஊருக்குச் சொன்னது இதுதான்: "பொண்ணுக்கு ஒடம்புல ரத்தம் பத்தல. சோகை." அக்கம்பக்கத்தில் கேட்டால் நானும் சோகை என்றே சொல்ல வேண்டும் என்று கற்பூரம் ஏற்றி அணைக்காத குறையாகச் சத்தியம் வாங்கினாள்.

டாக்டர் கால்சியம் ஊசி போட்டார். மீன் எண்ணெய், முட்டை, வெயில், காற்று என்றார். கடைசியில் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இதெல்லாம் சும்மா ஒப்புக்கு. ஊருக்கு வெளியில ரயிலேறிப் போனா காச ஆஸ்பத்திரி இருக்கு. அங்க ஒரு கட்டில் கிடைச்சா பொண்ணு பிழைக்க வழியுண்டு. சீக்கிரம் பாரு" என்று சொல்லிவிட்டார். அங்கே கட்டில் கிடைப்பது குதிரைக் கொம்பு. காத்துக்கொண்டிருக்கிற கூட்டம் அப்படி. பெரிய மனுஷர் யாராவது வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் உண்டு.

எங்களுக்குத் தெரிந்த பெரிய மனுஷர் தொரையின் சம்சாரம் தொரசாணி ஒருத்திதான்.

தொரசாணி கெட்டவள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் தமிழ் பேசுவாள். அவளுக்குக் கள்ளிச் செடி என்றால் உயிர். யுத்தத்துக்கு முன்னாலேயே எங்கெங்கிருந்தோ கப்பலில் வரவழைத்து பங்களா வராந்தா பூராவும் அடுக்கி வைத்திருந்தாள். நம் ஊரில் வேலியோரம் வைப்பதைத் தொட்டியில் வைத்துக் கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிறாளே என்று அம்மா ஒரு பாட்டம் சிரித்ததுண்டு. வீட்டு விஷயத்தை நைனா அவளிடம் சொன்னதும் ஒரு தற்செயல்தான். ஒரு நாள் வண்டி எடுக்க நேரமாகிவிட்டது. ஏன் என்று கேட்டிருக்கிறாள். மனுஷன் போர்ட்டிகோவிலேயே நின்று அழுதுவிட்டாராம். அழுது முடித்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அம்மா, இந்த வெசயம் பட்லருக்குக்கூடத் தெரிய வேணாம். ரெண்டு பொண்ணு வெச்சிருக்கேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டி, சரி என்றாளாம்.

கோடை வெயில் ஏறுகிற சமயத்தில் அந்தப் பங்களாவைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தொரை வேலை விஷயமாக வடக்கே போனார். தொரசாணி மலைக்குப் புறப்பட்டாள். போகும்போது செடிகளை வேலைக்காரர்களிடம் பிரித்துக் கொடுத்தாள். பட்லருக்கு ரெண்டு, சமையல்காரனுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு, எல்லாவற்றிலும் உசத்தியானதை நைனா கையில் வைத்தாள். காரைப் பார்த்துக்கொள்கிறவன் இதையும் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருப்பாள்.

அது ஒரு விசித்திரமான வஸ்து. கீழே இருந்தது நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி மாதிரி ஒரு தடித்த மட்டை. அதன் தலையைச் சீவிவிட்டு மேலே வேறு ஒரு கள்ளியை ஒட்டுப் போட்டிருந்தார்கள். மேலே இருந்தது கட்டைவிரல் உயரம்தான். ஆனால் அதன் உச்சியில் நரைத்த முடி. முள் இல்லை, நிஜமாகவே முடி, எண்ணெய் காணாத கிழவன் தலை மாதிரி. "டிரைவர், இதுக்கு இன்னும் வெள்ளை வரும். நெறைய வரும். வெள்ளை நல்லது. தொடாதே. தண்ணி கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம்" என்றாளாம் தொரசாணி. அதே மூச்சில், "பெரிய டாக்டர் எனக்குத் தெரிஞ்சவர். உன் மகளுக்கு நான் சொல்றேன். திரும்பி வந்ததும் கூப்பிட்டு அனுப்புறேன்" என்றும் சொன்னாளாம்.

ரெண்டும் ரெண்டு விஷயம். ஒன்று செடி, ஒன்று பெண். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது எங்கள் வீடு. நைனா தொட்டியைக் கொண்டுவந்து வைத்து நடந்ததைச் சொல்லி முடிக்கிறதுக்குள் அம்மா தீர்மானம் பண்ணிவிட்டாள். "அவங்க பொருளை நாம காப்பாத்திக் குடுத்தா, நம்ம பொருளை அவங்க காப்பாத்திக் குடுப்பாங்க. கைமேல பலன். இத்த மட்டும் பட்டுப்போக வுட்டோம், பொண்ணு நமக்கில்ல." இப்படிச் சொல்லிவிட்டுத் தொட்டியை மூன்று தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ரெண்டு நோயாளி.

முள் செடி வீட்டுக்கு ஆகாது என்கிறவள் அம்மா. பூவில் முள் இருந்தால்கூட ஒடித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவாள். அவளே அந்தக் கள்ளிக்கு அடையாற்று மணலும் செங்கல் பொடியும் அடுப்புக்கரியும் கலந்து கொண்டுவந்து போட்டாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு கரண்டித் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. காலையில் கொல்லைச் சுவரோரம் வெயில் வரும். அங்கே ஒரு பக்கம் அக்காவைப் பாயில் உட்கார வைப்பாள், பக்கத்திலேயே தொட்டி. வெயில் நகர நகர ரெண்டையும் நான் நகர்த்த வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு என்னை நிறுத்தினதே அதற்குத்தான்.

அக்காவுக்கு அது கெயவன். கிழவன் என்பது எங்கள் வாயில் அப்படித்தான் வரும். "இன்னாடா கெயவா, உனுக்கு நான் தொணையா, எனுக்கு நீ தொணையா?" என்று கேட்பாள். "எம்மா, உன் மருமவனுக்கு வெயிலு பத்தலியாம், நவுத்தி வைக்கச் சொல்றாரு" என்பாள். அம்மா, "வாய வெச்சிகினு சும்மா கெட, இருமல் வரப்போவுது" என்று அதட்டுவாள். இருமல் வரும். வந்தால் நிற்காது. அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்க்க முடியாமல் நான் செடியைப் பார்ப்பேன். இப்போது நினைத்தாலும் எனக்கு அவள் முகத்தைவிட அந்தச் செடிதான் முதலில் ஞாபகம் வருகிறது. அந்த ஆத்திரம் எனக்குத் தீரவே இல்லை.

பெட்ரோல் கிடையாமல் தொரையின் வண்டி ஷெட்டில் கிடந்தது. நைனா கரி பஸ் ஓட்டப் போனார். பின்னால் ஒரு பெரிய உருளையில் அடுப்புக்கரியைப் போட்டு அந்தப் புகையில் ஓடுகிற பஸ். மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் நடுவில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கும். ராத்திரி வரும்போது முகமெல்லாம் கரி. வந்ததும் மகளிடம் போகாமல் கொல்லைக்குப் போய்ச் செடியைப் பார்த்துவிட்டுத்தான் கை கால் கழுவுவார். செடி நன்றாக இருந்தால் மகளிடம் சிரித்த முகமாக வருவார்.

ஆடி மாசத்தில் வெள்ளை வந்தது.

முதலில் கீழ் மட்டையில் ரெண்டு பொட்டு, பஞ்சைக் கிள்ளி ஒட்டினது மாதிரி. அம்மாதான் பார்த்தாள். "அடியே, இங்க வா, வெள்ள வந்துகீது பாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் அக்காகூட எழுந்து உட்கார்ந்தாள். நைனா வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "தொரசாணி சொன்னாங்களே, அதே வெள்ளதான். மேல மட்டும் வரும்னு நெனச்சேன், கீயயும் வருது பாரு" என்றார். அன்றைக்குச் சாமி படத்துக்கு முன்னால் வெல்லம் வைத்து அம்மா கும்பிட்டாள். அதற்கு ஏற்றாற்போல் அந்த வாரம் அக்காவுக்கும் கொஞ்சம் ஜுரம் விட்டது. கன்னத்தில் சிவப்பு ஏறி அழகாக இருந்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டணத்துக்காரர்கள் நாங்கள். கள்ளியைக் கள்ளி என்று பார்த்ததே தவிர அதற்கு என்ன வரும், என்ன போகும் என்று எங்களுக்கு என்ன தெரியும்? செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மோர் விற்க வருகிறவள் பார்த்திருந்தால்கூட ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். ஆனால் யாரும் பார்க்க அம்மா விடவில்லை. நல்லது நடக்கிறபோது நாலு பேர் கண் படக்கூடாது, பட்டால் கல்லடியைவிட மோசம். எதிர்க் குடித்தனத்துக்காரி, "இன்னாத்துக்குக் கொல்லையில தெனம் ஒக்காந்துகினு கீறீங்கோ?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், அம்மா தொட்டியின் மேல் ஒரு கோணிச் சாக்கைக் கவிழ்த்துவிட்டாள். வெயிலுக்கு மட்டும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் திறப்பாள். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை உப்பும் மிளகாயும் எடுத்து அக்காவுக்கு ஒரு சுற்று, செடிக்கு ஒரு சுற்று. மிளகாய் நெடியில் அக்கா இருமி உயிரை விடுவாள். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள் அம்மா: "திஷ்டி கயியுது."

சாக்குக்குக் கீழே வெள்ளை செழித்தது. கீழ் மட்டை பூராவும் மூடி, ஒட்டுப் போட்ட இடத்துக்கு ஏறி, நரைமுடியோடு கலந்துவிட்டது. எது முடி, எது பஞ்சு என்று தெரியவில்லை. மட்டை சுருங்கின மாதிரி எனக்குப் பட்டது. சொன்னேன். "முடி பெருத்துச்சுன்னா ஒடம்பு சிறுத்தாப்பல தான்டி தெரியும்" என்று அம்மா என் வாயை அடைத்தாள்.

ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலை. அக்காவுக்கு அந்த வாரம் திரும்பவும் ஜுரம். பாயில் படுத்தபடியே, விளையாட்டாகக் கையை நீட்டி அந்த வெள்ளையை விரலால் பிடித்து நசுக்கினாள். அம்மா அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். அக்காவின் விரல், உள்ளங்கை, வெளுத்துப்போன புடவைத் தலைப்பு எல்லாம் ரத்தச் சிவப்பு. அம்மா போட்ட கூச்சலில் ஏழு குடித்தனமும் வாசலுக்கு வந்துவிட்டது. அரிசி தரையெல்லாம் கொட்டிப்போயிற்று. அக்கா சிரித்தாள். "எம்மா, எனுக்கு ஒண்ணுமில்ல. இது கெயவன் ரத்தம்." இன்னொரு பொட்டை எடுத்து நசுக்கிக் காட்டினாள். பஞ்சுக்குள்ளே குண்டூசித் தலை அளவில் பூச்சி. ஒவ்வொன்றும் சாய மூட்டை.

பின்னால் பெரியவளாகி நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கிராமப்புறத்தில் காடாக மண்டிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பதற்கென்றே கொண்டுவந்து விட்ட பூச்சியின் வம்சம் அது. அதைத்தான் நாங்கள் சாக்குப் போட்டு மூடி, திஷ்டி சுற்றி வளர்த்திருக்கிறோம்.

அன்றைக்கு அம்மா வெறி பிடித்தவள் மாதிரி ஆகிவிட்டாள். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்தாள். மஞ்சள் தண்ணீர் விட்டாள். வேப்பிலையை அரைத்துப் பூசினாள். நைனா வந்து சாம்பலைத் தூவினார். பூச்சி போயிற்று, அடிமட்டையும் கூழாகிப்போயிற்று. மழை தொடங்கின அன்று மேலே இருந்த கட்டைவிரல் உயரக் கள்ளி கழன்று கீழே விழுந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து, முடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அக்காதான் சொன்னாள். "நைனா, தொரசாணி வந்ததும் நேரா போயி, செத்துப்போச்சும்மான்னு சொல்லிடு. தூக்குலயா போடுவா? ஒரு செடிக்கு?"

"எந்த மூஞ்சிய வெச்சுகினு போய் நிப்பேன்?" என்றார் நைனா. "நம்பிக் குடுத்த பொருளு. இத்த இப்பிடி நாஸ்தி பண்ணிட்டு, அதே வாயால கட்டில் குடுங்கம்மான்னு கேக்க முடியுமா?"

"செடியத் தின்னுட்டுப் பொண்ணுக்குப் பிச்சை கேக்குறியான்னு கேட்டா இன்னா பண்ணுவே?" என்றாள் அம்மா.

"கேட்டா கேக்கட்டுமே!" என்றாள் அக்கா. "கேட்டாக் காது அறுந்தா போவும்? மூச்சுக்குத் தவிக்கிறவ நான்."

மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஏழைக்குத்தான் எமன். பணக்காரனுக்கு அது கோட்டு மாதிரி, வேண்டும்போது மாட்டிக்கொள்வான், வேண்டாதபோது கழற்றி வைப்பான். என் நைனாவுக்கு அது தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு ஒரு நரைக் கள்ளியைக் கண்டுபிடித்துத் தொட்டியில் வைத்துக்கொண்டு போய் நின்றுவிட்டால் தலை நிமிர்ந்து கேட்கலாம் என்று முடிவு பண்ணினார்கள். பஸ் ஓட்டாத நேரமெல்லாம் நைனா செடி விற்கிறவர்களைத் தேடி அலைந்தார். தியாகராய நகரில் தோட்டம் வைத்திருக்கிற பெரிய வீட்டு மாலிகளிடம் கெஞ்சினார். "முடி வெச்ச கள்ளியா? ஏன்யா, தலைக்கு எண்ணெ தேய்க்கப் போறியா?" என்று சிரித்தார்களாம். அக்கா அந்த மழையில் மெலிந்து பாயோடு பாயாக ஆனாள். பேச்சு குறைந்துபோயிற்று.

கார்த்திகையில் ஒரு காலை பட்லர் வந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை எல்லாம் போட்டுக்கொண்டு சந்து வாசலில் நின்று குரல் கொடுத்தார். நைனா அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். குரலைக் கேட்டதும் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார். அத்தனை பெரிய மனுஷன், மூச்சுக்கூட விடாமல் அப்படி நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அம்மா கதவை ஒருக்களித்துத் திறந்தாள்.

"தொரசாணி மலையிலேர்ந்து வந்துகீறாங்கோ. கப்பலேறப் போறாங்கோ, கொஞ்ச நாளுதான் இங்க. டிரைவரை ஒடனே வரச் சொன்னாங்கோ. ரொம்ப அவசரம்னாங்கோ" என்றார் பட்லர்.

"அவரு ஊருல இல்லீங்களே. பஸ்ஸோட வெளியூரு போய்க்கீறாரு" என்றாள் அம்மா.

"எப்ப வருவாரு?"

"தெரியலீங்க."

அவர் போனதும் நான் அம்மாவிடம், "எதுக்கு அவசரம்னு கேக்கக் கூடாதா?" என்றேன். "எதுக்கு? செடிக்குத்தான்! கப்பல்ல எடுத்துகினு போவ வந்துகீறா. வேற எதுக்கு அவசரம் அவளுக்கு?" என்று என் மேல் பாய்ந்தாள். இன்னும் ரெண்டு நாளில் எங்கேயாவது ஒரு செடி கிடைத்துவிடும், கிடைத்ததும் ஓடிப்போய் நிற்கலாம் என்றார் நைனா. அந்த வாரமே பட்லர் இன்னொரு தடவை வந்தார். அப்போதும் ஊரில் இல்லை. மூன்றாவது தடவை வந்தபோது அம்மா கதவையே திறக்கவில்லை. உள்ளே அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அம்மா தலையணையை அவள் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அதை மறக்கச் சொன்னால் எப்படி மறப்பேன்? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பட்லரும் சும்மா வரச் சொன்னாங்கோ, வரச் சொன்னாங்கோ என்றாரே தவிர வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்? அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரியக்கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது நாங்கள்தானே.

அக்கா அதற்கு அப்புறம் இருந்தது கொஞ்ச நாள்தான். மார்கழி முடிவதற்குள் அவளைக் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நைனா அன்றைக்கு விளக்கு வைக்கிறதுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கரி பஸ் நின்ற இடத்தில் பட்லர் ஏறியிருக்கிறார். ஒளிய இடமில்லை, ஓட்டுகிறவர் எங்கே ஒளிவார்? தொரசாணி கப்பலேறிப் போய்விட்டாளாம். "இன்னா டிரைவரே நீ! மூணு தபா வந்தேன், ஊருல இல்ல ஊருல இல்லன்னா! போறப்பதான் தொரசாணி விசயத்தைச் சொன்னாங்கோ. உம் பொண்ணுக்குக் காச ஆஸ்பத்திரியில கட்டில் வாங்கி வெச்சிருந்தாங்களாமே. ஒரு வாரத்துக்கு மேல காலியாவே போட்டு வெச்சிருந்தாங்களாம். நீ வரல. வேற யாருக்கோ குடுத்துட்டாங்கோ" என்றாராம்.

நைனா இதையெல்லாம் நடையில் நின்றுகொண்டே, செருப்பைக்கூடக் கழற்றாமல், தெருவில் எவனுக்கோ நடந்தது மாதிரி சொன்னார்.

"செடியப் பத்தி இன்னா கேட்டாங்களாம்?" என்றாள் அம்மா.

"கேக்கவே இல்லியாம். பட்லர்கிட்ட குடுத்ததுல ஒண்ணு செத்துப்போச்சாம். போனா போவுதுன்னு சொல்லிட்டாங்களாம்."

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள், அடித்துக்கொண்டே இருந்தாள். நைனா அவள் கையைப் பிடிக்கவும் இல்லை. நாங்கள் பேசினது எதுவும் உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்காது என்று நினைத்திருந்தோம். ஒட்டுக் குடித்தனத்தில் எது கேட்காது?

"நைனா" என்று கூப்பிட்டாள் அக்கா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் குரலில் ஒரு தெளிவு. நைனா உள்ளே போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். நானும் போய் நின்றேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை, அந்த வாய்க்காரி.

"எனுக்குன்னு ஒரு கட்டில் போட்டு வெச்சிருந்தாங்களா, நைனா? நெஜமாவே எனுக்குன்னா?"

"ஆமாம்மா."

பாயிலேயே பிறந்து பாயிலேயே வளர்ந்தவள், கட்டிலில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

"ஜன்னல் பக்கமா?" என்று கேட்டாள்.

நைனா அந்த ஆஸ்பத்திரியின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. கரி அப்பின முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, ஜன்னல் பக்கமாத்தான்" என்றார்.